ம் கொட்ட ஓர் இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று மத்தியானம் பீரோவைத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசனை குப்பென்று அடித்ததும், "கொஞ்சம் தள்ளி வை புள்ள, தும்மல் வருது" என்று நீங்கள் சொல்வது காதில் விழுந்தது. புடவைகளுக்கு நடுவில் அந்தக் கைக்கண்ணாடி இன்னும் சாய்ந்தபடியேதான் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திறந்தவள், புடவையை மறந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, அண்ணன் ஞாபகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த வீட்டில் பீரோ முன்னால் நான் தனியாகச் சிரித்தால் அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பது அவருக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பில் சேதியைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "மொதல்லருந்து வா" என்பீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து எங்கள் தீவுக்கு வந்து, அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஒரு வீடு பிடித்து, தினமும் படகில் கடந்து எங்கள் ஹேடோ கிடங்குக்கு மூட்டை தூக்கும் மஸ்தூர் வேலைக்கு வந்தீர்கள். நான் மாடியில் ஃபைல்களோடு உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் வரும். நடுநடுவே நாலைந்து பேர் ஒன்றாக "ம்" என்பார்கள். மறுபடி குரல். ஏதோ பஜனை என்று நினைத்தேன். ஒருநாள் இறங்கி வந்து பார்த்தால், கப்பலில் மெயின்லேண்டிலிருந்து வந்த பெட்டிகளில் கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கச் சுற்றியனுப்பிய பழைய பத்திரிகைக் காகிதம் உங்கள் கையில் இருந்தது. கசங்கியதை முழங்காலில் வைத்து நீவி நீவி, அதிலிருந்த தொடர்கதையை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். காகிதம் கிழிந்திருந்த இடத்தில் கதையும் நின்றுவிட்டது. "இதுக்கு மேல பெட்டில வரல" என்று நீங்கள் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் பட்ட கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

எல்லாரையும்விடப் பலமாக ம் கொட்டிக்கொண்டிருந்தவர் தெலுங்குக்காரர் அப்பாராவ். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கேட்டேன். "சமஜ் மே நஹி ஆதா, மேடம். லேகின் அச்சா லக்தா ஹை" என்றார். புரியாதாம், ஆனால் நன்றாக இருக்கிறதாம். அன்றைக்கே உங்கள் குரலைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து என் கல்லூரித் தோழி எழுதியிருந்தாள். எழுதியவர் மறைந்து பல காலமாகி, உரிமை எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட கதைகளைச் சிலர் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்கிறார்களாம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். வாசிப்பவர்களுக்கும் சம்பளம் கிடையாது, எல்லாம் ஆசைக்குச் செய்வது. நானும் ஆசையாக ஒரு கதையை வாசித்து அனுப்பினேன். வாசித்ததைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கும் கோயம்புத்தூர் அம்மாள் ஒருவர் உடனே பதில் போட்டார். உச்சரிப்பு தெளிவு, ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் இருக்கிறது என்று. ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. கோபத்தோடு கிடங்குக்கு இறங்கி வந்தேன்.

"அண்ணே, ஒரு கதை படிச்சுத் தரணும். பதிவு பண்ணி இன்டர்நெட்ல போடுவாங்க. யாரு வேணா சும்மா கேக்கலாம்."

"சும்மான்னா, எந்த ஊர்க்காரங்களும் கேக்கலாமா?"

"எங்க இருந்தாலும் கேக்கலாம்."

"சிலோன்லயும்?"

"சிலோன்லயும்தான்."

"எப்ப வரணும் புள்ள?" என்றீர்கள். ஏன் சிலோன் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

ஆள் கிடைத்தால் போதுமா? சத்தமில்லாத இடம் வேண்டும். லம்பா லைன் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். கடைசி விமானம் கிளம்பிப் போகும்வரை வாயைத் திறக்க முடியாது. பிறகு பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாளின் குக்கர். அதுவும் அடங்கினால், கூரை தகரம். மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரை தகரத்தில் அடிக்கிற அடியில் நம் பேச்சே நமக்குக் கேட்காது. ஆக வருஷத்தில் நாலு மாதம், அதிலும் ஞாயிற்றுக்கிழமை, அதிலும் இரண்டு மணியிலிருந்து நீங்கள் படகுக்குக் கிளம்பும் வரை. எதிரொலி வராமல் இருக்கத் துணிமணிகளுக்கு நடுவில் வாசிக்க வேண்டும் என்று தோழி சொன்னாள். பீரோவைத் திறந்து, மைக்கை என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்து, முக்காலி போட்டு உங்களை உட்காரவைத்தேன். தலை முழுக்க உள்ளே, உடம்பு வெளியே. முதல்நாள் இவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நான் கட்டிக் கூட்டிட்டு வந்ததுலருந்து அந்தப் புடவைங்க பக்கம் என்னைத் தலைகாட்ட விட்டதில்ல. நீங்க குடுத்துவச்சவர்" என்றார். அந்தச் சிரிப்பில் அரை மணி நேரம் வீணாகப் போனது.

தோழி ஒளிநகல் எடுத்து அனுப்பிய புத்தகம் பத்தொன்பது அத்தியாயம். கட்டறுத்துக்கொண்டு ஓடிப்போன குதிரையைத் தேடி ஊர் ஊராக அலையும் ஒரு பண்ணையாரின் கதை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் குதிரை கைக்கெட்டும் தூரத்துக்கு வரும், நழுவிவிடும். புரட்டிப் பார்க்கச் சொல்லி உங்களிடம் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "முன்னாடியே படிக்க மாட்டேன். முடிவு எனக்கே தெரிஞ்சுட்டா கேக்கறவங்களுக்கு எப்படி ஆசை வரும்?" என்றீர்கள். அதோடு விடவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோனா கை சும்மா இருக்காது. உன் பீரோலயே வச்சுப் பூட்டு." அப்படித்தான் அந்தக் குதிரை வருஷத்தில் எட்டு மாதம் என் பீரோவில் பூட்டிக் கிடந்தது. மழைக்காலத்தில் சாப்பிட வருவீர்கள், மீன்குழம்பு ஊற்றிக்கொண்டு பீரோவைப் பார்ப்பீர்கள், பெருமூச்சு விடுவீர்கள்.

முதல் அத்தியாயம் அனுப்பினோம். திரும்பி வந்தது. "வாசிப்பு அருமை. ஆனால் பின்னணியில் ஒரு பெண் தொடர்ந்து ம் என்கிறார்." அந்தப் பெண் நான்தான். எனக்கே தெரியாமல் கொட்டியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் இரண்டு பக்கம் வாசித்தீர்கள், குரல் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் பீரோவுக்குள்ளிருந்து, "என்ன புள்ள, தூங்கிட்டியா?" என்று வந்தது. அதுவும் பதிவாகிவிட்டது. "யாரும் ம் கொட்டாம எப்படிப் படிக்கறது? செவத்தப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு" என்று வெளியே வந்து வியர்வையைத் துடைத்தீர்கள். அப்போது நான் பவுடர் பூசும் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து புடவைகளில் சாய்த்துவைத்தேன். உங்கள் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது அதில் தெரியும். ம் வரவேண்டிய இடத்தில் நீங்கள் நிறுத்துவீர்கள், கண்ணாடியில் நான் தலையாட்டுவேன், நீங்கள் மேலே போவீர்கள். குரல் பழையபடி எழுந்துவிட்டது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாவி என்னிடம்தானே இருந்தது? முதல் மழைக்காலத்திலேயே முழுப்புத்தகத்தையும் படித்துவிட்டேன். நீங்கள் அடுத்த ஜனவரியில் வாசிக்கத் தொடங்கிய பத்தாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாகவே என்னை முறைத்தீர்கள். "நிறுத்தறதுக்கு முன்னாடியே தலையாட்டற. படிச்சிட்டே, இல்ல?" நான் சத்தியமே செய்தேன். நீங்கள் நம்பவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். நாலு அத்தியாயம் சேர்ந்ததும் கோயம்புத்தூர் அம்மாளிடமிருந்து குறிப்பு வந்தது. நடுநடுவே மௌனம் நீளம், கேட்பவர்கள் ஒலி நின்றுவிட்டதோ என்று நினைப்பார்கள், சுருக்கிவிடுங்கள் என்று. எனக்கு அது நியாயமாகவே பட்டது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நான் தலையாட்டிய இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினேன். இடம் அடைக்கிறதே என்று பழைய பதிவுகளையும் அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெருமையாக ஹெட்ஃபோனை உங்கள் காதில் மாட்டினேன். கொஞ்சநேரம் கேட்டீர்கள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"இதுல எங்கக்கா எங்க?" என்றீர்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குத்தான் சொன்னீர்கள். சிலோன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவர் நீங்கள். அக்கா கொழுந்து பறிக்கப் போனவர், எழுத்து தெரியாது. சாயங்காலம் வாத்தியாரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தை நீங்கள் வாசிப்பீர்கள், அக்கா ம் கொட்டுவார். அவர் கொட்டும்வரை நீங்கள் மேலே போகமாட்டீர்கள். உங்களுக்குப் பதினாறு வயதில் குடும்பத்துக்கு இந்தியா போகச் சீட்டு வந்தது, கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அக்கா கல்யாணமாகி அங்கேயே தங்கவேண்டியவரானார். "ஒரு கதை பாதில நின்னுச்சு புள்ள. நான் கப்பல் ஏறிட்டேன். புத்தகம் அங்க இருந்து என்ன? அக்காவால படிக்க முடியாதே." அந்தப் புத்தகம் எது என்பதுகூட உங்களுக்கு மறந்துவிட்டது. பாதியில் விட்டது மட்டும் மறக்கவில்லை.

"ஃபோன்ல பேசக்கூடாதாண்ணே?"

"பேசிருக்கேன். ரெண்டு பேரும் அழுவோம், வச்சிருவோம். அழாம எங்களுக்குப் பேச வர்றது கதைதான்."

எனக்கு அப்போது என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஓர் அக்காவுக்கென்று விட்டுவைத்த இடத்தை, சுத்தம் செய்வதாக நினைத்து வழித்து எறிந்திருக்கிறேன். அழுதுவிட்டேன். நீங்கள்தான், "அழுகாத. திரும்பப் படிச்சாப் போச்சு. எனக்கும் குதிரையப் பாத்த மாதிரி இருக்கும்" என்றீர்கள். கோயம்புத்தூர் அம்மாளுக்கு நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அம்மா, கேக்கறவங்களுக்கும் கதைல ஒரு வேல இருக்கு. அதுக்கு எடம் வேணும்." இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு வந்தது: "உங்கள் இஷ்டப்படியே விடுங்கள். இப்போதெல்லாம் சரிபார்க்கும்போது நானும் கொட்டுகிறேன்."

நாலு அத்தியாயத்தையும் மறுபடி வாசித்தீர்கள். அந்த வருஷம் குதிரை ஓர் அடி முன்னே போகவில்லை. ஊரில் இணையம் ஆமை வேகம். பதிவை ஏற்ற முடியாமல் பென் டிரைவில் போட்டு, மெயின்லேண்டுக்கு லீவில் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினோம். உங்கள் அக்கா மகள் சிலோனில் ஹட்டன் என்ற ஊரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள் என்று விலாசம் தேடிப் பிடித்தீர்கள். அவள் தன் ஃபோனில் இறக்கி அம்மாவுக்குப் போட்டுக்காட்டினாள். கேட்கும்போது பக்கத்தில் இன்னொரு ஃபோனை வைத்து, அதைப் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்பினாள். இங்கே அது இறங்கி முடிய ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. நீங்கள் கம்ப்யூட்டரைக் கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் குரல், நாலாவது அத்தியாயம். பண்ணையார் சந்தைக்குப் போகிறார். நிறுத்தம். எங்கேயோ மலைமேல் ஒரு வீட்டில் சேவல் கூவுகிறது. பிறகு, வயதான பெண்குரலில், "ம்."

நான் என்ன எதிர்பார்த்தேன்? நீங்கள் அழுவீர்கள் என்று டவலை எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள் அண்ணே. உடம்பு குலுங்கச் சிரித்தீர்கள். "லேட்டாக் கொட்டறா. அப்பவும் இப்படித்தான், யோசிச்சுட்டுத்தான் கொட்டுவா" என்றீர்கள். அடுத்த ஞாயிறு வாசித்தபோது நிறுத்தங்களைக் கொஞ்சம் நீட்டினீர்கள். தலையாட்டிவிட்டு நான் கண்ணாடியில் காத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுப்பீர்கள். எனக்கல்ல என்று தெரிந்து நானும் சும்மா இருப்பேன். அந்த மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைப்போல் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

பதினாறாவது அத்தியாயம் முடிந்தபோது மழை வந்துவிட்டது. குதிரை ஆற்றைக் கடந்து மறைந்துபோன இடம். அந்த மழைக்காலத்தில்தான் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது, பிறகு அது வேறு பேராக ஆனது. ஆஸ்பத்திரிக்கு நானும் இவரும் வந்தோம். அண்ணி வாசலில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் வாசித்தால் இரண்டாவது பக்கத்திலேயே தூங்கிவிடுகிற அண்ணி, அன்று மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஜனவரி வரை தாங்காது என்று எனக்குத் தெரிந்தது, உங்களுக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணே, நான் படிச்சிட்டேன். அன்னைக்குப் பொய்தான் சொன்னேன்."

"தெரியும்."

"குதிரை என்னாச்சுன்னு சொல்லவா?"

கையை உயர்த்தித் தடுத்தீர்கள். "சொல்லாத. என் முறை வரும்போது படிச்சுக்கறேன்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "அக்காவுக்கு மட்டும் பாதில நிக்கக்கூடாது. ரெண்டாவது தடவையும் வுட்டுட்டுப் போனா என்னைப்பத்தி என்ன நெனப்பா? நீ படிச்சிரு" என்றீர்கள்.

"நான் ரயில் ஓட்டுவேனேண்ணே."

"ஓட்டாத" என்று சிரித்தீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அந்த ஜனவரியில் முடியவில்லை. பீரோவைத் திறப்பேன், மூடுவேன். அடுத்த ஜனவரியில், கடைசி விமானம் போனபிறகு, பக்கத்து வீட்டுக் குக்கரும் ஓய்ந்தபிறகு, முக்காலியைப் போட்டுப் புடவைகளுக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் நான் உட்காரும் இடம் காலியாகத் தெரிந்தது. ஒரு பத்தி வாசித்து நிறுத்தினேன். அடுத்த வரி வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல என்று நீங்கள் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. இவர் வந்து உட்கார்ந்திருந்தார். தலையாட்டினார். அண்ணே, அந்த மனுஷர் ஓர் இடத்தில்கூடச் சரியாகத் தலையாட்டவில்லை. ஆனாலும் மூன்று அத்தியாயத்துக்கும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் ஹட்டனிலிருந்து பதில் வந்தது. அக்கா மகள் எழுதியிருக்கிறாள். அம்மா மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டாராம். பிறகு சிரித்தாராம். என்னிடம் சொல்லச் சொன்னாராம்: "அந்தப் புள்ள கொஞ்சம் வேகம். ஆனா ம் கொட்ட எடம் வுடுது."

இந்த ஒரு வரியை அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆபீஸில் அப்பாராவிடம் ஹிந்தியில் சொன்னேன், அவர் பலமாக ஒரு ம் கொட்டினார். இப்போதெல்லாம் யாரிடம் என்ன சொன்னாலும் நடுவில் கொஞ்சம் நிறுத்துகிறேன். எதிரில் இருப்பவர் பேசிவிடுகிறார். இத்தனை வருஷம் இவர்களெல்லாம் பேசுவதற்கு இவ்வளவு வைத்திருந்தார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அண்ணிக்கும் கடைசி அத்தியாயத்தைப் பாம்பூஃப்ளாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டினேன். இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிட்டார். நிம்மதியாக இருந்தது.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர் அம்மாளுக்கும் தெரியும். தெரியாமல் போனவர் நீங்கள் ஒருவர்தான். இப்போது உங்கள் முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தடுக்காதீர்கள்.

பண்ணையார் கடைசியில் தேடிச் சலித்து, செருப்பு தேய்ந்து, வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார். வாசலில் வேலைக்காரி எதுவும் நடக்காததுபோல் சாணி தெளித்துக்கொண்டிருக்கிறாள். கொல்லைப்பக்கம் போகிறார். லாயத்தில் குதிரை நின்று புல் மென்றுகொண்டிருக்கிறது. அவர் தேடிக் கிளம்பிய மூன்றாம் நாளே அது தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டதாம்.

இங்கே நிறுத்துகிறேன் அண்ணே. ம் கொட்டுங்கள்.